எதையும் கேட்காத பிள்ளை

1

மகளின் காப்பகத்திலிருந்து மூன்று பக்கக் கடிதம். எனக்கு வேண்டிய செய்தி மூன்றாம் பக்கத்தில், கடைசிக்கு முந்தைய பத்தியில் இருந்தது. சென்னையில் ஒரு தமிழ் நாளிதழுக்காகப் பல வருடங்கள் துறைமுகச் செய்திகளை எழுதியவள் நான். அறிக்கைகளில் முக்கியமான வரியை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள் என்று தெரியும். அதனால் எந்த அறிக்கையையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பேன். அந்த வரி இது:

“கயலின் உணவுப் பெட்டிகளின் மூடிகள் ஏற்கெனவே தளர்த்தப்பட்ட நிலையில் வருகின்றன. எனவே மதிய உணவு வேளையில் உதவி கேட்டுப் பழகும் வாய்ப்பு அமையவில்லை.”

யார் தளர்த்தினார்கள் என்று எழுதியிருக்கவில்லை. நார்வேக்காரர்கள் இப்படித்தான் எழுதுவார்கள். குற்றம் மேசைமேல் இருக்கும், குற்றவாளியின் பெயர் இருக்காது.

நாங்கள் இந்த நார்வே ஊருக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. என் கணவர் சேகர் திருவொற்றியூர்க்காரர். காட்டுப்பள்ளிக் கப்பல் தளத்தில் வெல்டராக இருந்தார். பிறகு இங்குள்ள ஒரு கப்பல் தளத்தில் வேலை கிடைத்தது. நான் ராயபுரம். மீன் வாடையும் லாரிப் புகையும் இல்லாத ஒரு துறைமுகம் இருக்க முடியும் என்பதே வந்த புதிதில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இங்கே மழை மட்டும்தான் உண்டு.

எங்கள் மகள் கயல் இங்கே பிறந்தவள். நான்கரை வயது. பேச்சு மிகவும் குறைவு. ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மற்றக் குழந்தைகள் போகும் அதே மழலையர் காப்பகத்துக்குத்தான் அவளும் போகிறாள். அவளுக்காக வாரத்தில் சில மணி நேரம் மாரித் என்ற பயிற்சியாளர் அங்கே வருகிறார்.

முதல் நாள் மாரித்திடம், தெரபி அறை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். மாரித் அப்போது கோட்டுகள் மாட்டும் நடையில், தரையில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பன்னிரண்டு குழந்தைகள் மழை உடைக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தார்கள். கயல் ஒரு கையுறையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அறை இல்லை” என்றார்.

“அப்படியானால் சிகிச்சை எப்போது தொடங்கும்?”

“இதோ, நடந்துகொண்டிருக்கிறது.”

நான் சிரிக்கவில்லை. ஏமாற்றுகிறார்களோ என்று சந்தேகப்பட்டேன். சென்னையில் என் தோழி ஒருத்தி தன் பையனைத் தண்டையார்பேட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி அழைத்துப் போவாள். அங்கே கதவு சாத்திய அறை, குட்டி மேசை, வண்ணக் கட்டைகள், அரை மணி நேரம். சிகிச்சை என்றால் எனக்கு அதுதான். கையுறை மாட்டுவது எப்படிச் சிகிச்சை ஆகும்?

கடிதத்தின் முதல் பக்கத்தில் கூட்டத்துக்கான நாள் இருந்தது. மூன்று வாரம் கழித்து. கயல் இதே குழுவில், இதே பிள்ளைகளோடு தொடர்வதா, அல்லது நகரத்தின் மறுகோடியில் உள்ள சிறப்புப் பிரிவுக்கு மாறுவதா என்று முடிவு செய்யும் கூட்டம். சிறப்புப் பிரிவு மோசமான இடம் இல்லை. போய்ப் பார்த்தேன். அமைதியான, நல்ல வெளிச்சமுள்ள இடம். அங்கே ஐந்து குழந்தைகள். ஐந்து பேரும் பேசுவதில்லை. அந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருந்தது.

2

சேர்க்கையின்போது ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். பதினோரு பக்கம். அதில் ஒரு கேள்வி: “குழந்தை எவற்றை, எப்படிக் கேட்பாள்?”

நான் நார்வே மொழியில், அகராதியைப் பார்த்து, பிழையில்லாமல் எழுதினேன்: “எதையும் கேட்க மாட்டாள். நல்ல பிள்ளை.”

பெருமையாகத்தான் எழுதினேன். கடைத் தெருவில் புரண்டு அழாத, பக்கத்து வீட்டுத் தட்டைப் பார்க்காத பிள்ளையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். பிறகு ஒரு நாள் மாரித்தின் கோப்பில் அந்தப் படிவத்தைப் பார்த்தேன். முதல் வாக்கியத்தின் கீழே பென்சிலால் ஒரு கோடு. இரண்டாவது வாக்கியத்தின் கீழே ஒன்றும் இல்லை.

எங்கள் ராயபுரம் வீட்டில் ஒருவரைக் கேட்டு வாங்க வைப்பது அவமானம். கேட்டவருக்கு அல்ல, கேட்க வைத்தவருக்கு. இலையில் சோறு குறைவதைக் கண்ணால் பார்த்து, கை தானாகப் போக வேண்டும். என் கல்யாணத்தில் பெரிய மாமாவுக்கு இரண்டாவது தடவை ரசம் வரவில்லை. “வாயத் தொறந்து கேக்க வெச்சுட்டாங்க” என்று அவர் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். ரம்ஜான் அன்று எதிர்வீட்டிலிருந்து பிரியாணி பாத்திரம் வரும். நாங்கள் அதை எதிர்பார்த்து வாசலில் நிற்பதற்கு முன்பே வந்துவிடும். முந்திக்கொள்வதுதான் மரியாதை.

இங்கே நேர் எதிர். ஒருவர் வீட்டுக்குப் போனால் காப்பி வேண்டுமா என்று ஒரு முறை கேட்பார்கள். கூச்சப்பட்டு வேண்டாம் என்றால் நிஜமாகவே தரமாட்டார்கள். முதல் வருடம் எத்தனையோ வீடுகளிலிருந்து பசியோடு திரும்பியிருக்கிறேன். பஸ்ஸில் சேகர் தலையில் அடித்துக்கொள்வார்: “இன்னா ஊருடா இது! ரெண்டாவது தபா கேட்டா வாய் வலிக்குமா?”

இப்படி வளர்ந்த ஒருத்தி, பேசாத ஒரு குழந்தைக்கு என்ன செய்வாள்? கயலின் கண் தண்ணீர்க் குவளை பக்கம் போகும்போதே குவளை அவள் கையில் இருக்கும். ஆரஞ்சை உரித்து, நாரை எடுத்து, கொட்டையை நீக்கி வைப்பேன். அவள் செருப்பைப் பார்த்தால் கதவு திறக்கும். பகலில் கயலுக்கும் எனக்கும் இடையே ஒரு வார்த்தைகூடத் தேவைப்படாமல் பல நாட்கள் ஓடியிருக்கின்றன. அதை நெருக்கம் என்று நினைத்திருந்தேன்.

அவளுக்கு நான்கு சின்ன டப்பாக்கள். திருகு மூடி போட்டவை, காப்பகமே வாங்கி வரச் சொன்னது. ஒன்றில் தோசைத் துண்டுகள், ஒன்றில் எலுமிச்சைச் சாதம், ஒன்றில் பழம், ஒன்றில் தயிர். ஒவ்வொரு காலையிலும் இறுக்கி மூடி, பையில் வைக்கும் முன் ஒரு அரைத் திருகல் தளர்த்திவிடுவேன். கடிதம் வரும்வரை அதைச் செய்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. ஊரில் யார் யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து எழுதிச் சம்பளம் வாங்கியவள், என் கை செய்ததைப் பார்க்கவில்லை.

3

மறுநாள் நான்கு மூடிகளையும் முழு பலத்தோடு இறுக்கினேன். மாலையில் பையோடு வந்த மாரித்தின் குறிப்பேட்டில் அதே வரி: “மூடிகள் தளர்ந்திருந்தன.” அதற்கடுத்த நாளும் அப்படியே.

மூன்றாம் நாள் காலை ஆறரை மணிக்கு, குளியலறையிலிருந்து வெளியே வந்தபோது சேகர் வேலை உடுப்போடு வாசலில் குந்தியிருந்தார். கயலின் பை மடியில். ஒவ்வொரு டப்பாவாக எடுத்து, திருகி, திரும்ப வைத்துக்கொண்டிருந்தார்.

“நீங்களா?” என்றேன்.

“இன்னா நானா?”

“மூடிய லூஸ் பண்றது.”

“ஆமா, நான்தான். நீ கல்லு மாறி மூடி வெச்சிகீற. கொயந்த எப்டி தொறக்கும்?”

“தொறக்கக் கூடாதுன்னுதான் மூடினேன்.”

“இன்னா பேசற நீ? காலீல பேஜார் பண்ணாத.”

கடிதத்தை அவர் முதல் பக்கம் மட்டும்தான் படித்திருந்தார். மூன்றாம் பக்கத்தை நீட்டினேன். நின்றபடியே படித்தார். வெல்டிங் தழும்புகள் உள்ள அந்தக் கட்டைவிரல் வரி வரியாக நகர்ந்தது.

“எவ்ளோ நாளா செய்றீங்க?”

“அது காப்பகத்துக்குப் போக ஆரம்பிச்ச நாள்லேந்து. நீ?”

“நானும்தான்.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒவ்வொரு மூடிக்கும் இரண்டு அரைத் திருகல். டப்பாக்கள் பையிலேயே கொட்டிப் போகாமல் இருந்ததுதான் அதிசயம்.

“அதான் பையி எப்பவும் தயிர் நாத்தம் அடிச்சுதா!” என்றார் சேகர். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு நிறுத்திவிட்டு, “ஒருத்தர் கிட்டயும் அது எதுவும் கேட்டதே இல்ல, இல்ல?” என்று கேட்டார்.

டப்பாக்களை இறுக்கி உள்ளே வைத்தேன்.

4

அன்று முழுக்க ஒரு முட்டை என் நினைவில் வந்துகொண்டே இருந்தது.

போன விடுமுறைக்குத் திருவொற்றியூரில் ஐந்து வாரம் இருந்தோம். சேகரின் அக்கா சுகந்தி அங்கே பால்வாடி டீச்சர். நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போகும் சந்தில், ஒரே அறைக் கட்டடம். கண்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கும்போது அறைக்குள் ஜன்னல் கம்பி நடுங்கும். கயலை அங்கே தினமும் காலையில் விட்டோம். நானும் சுவரோரம் உட்கார்ந்திருப்பேன்.

ஒரு நாள் முட்டை போட்டார்கள். சுகந்தி அண்ணி எல்லாப் பிள்ளைகளுக்கும் முட்டையை உரித்துத் தட்டில் வைத்துக்கொண்டே வந்தார். கயலுக்கு மட்டும் ஓட்டோடு வைத்துவிட்டு நகர்ந்துபோனார்.

எனக்குச் சுருக்கென்றது. பேச வராத பிள்ளை என்பதால்தானே இந்த அலட்சியம்? எழுந்துபோய் முட்டையை அவள் கையிலிருந்து பிடுங்கி, தரையில் தட்டி, உரித்துக் கொடுத்தேன். அண்ணி திரும்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, “ஆவட்டும்” என்று மட்டும் சொன்னார். ஊர் திரும்பும்வரை நான் சரியாகப் பேசவில்லை. இங்கே வந்த பிறகும், சேகர் அக்காவோடு போனில் பேசும்போது எனக்கு அடுப்பில் ஏதாவது வேலை இருக்கும்.

மூடி விஷயம் பிடிபட்ட மறுநாள் நானே அண்ணியைக் கூப்பிட்டேன். அங்கே பதினொரு மணி இருக்கும். பிள்ளைகள் சத்தம், பின்னால் லாரி ஹாரன்.

“இன்னா பொண்ணே, இன்னிக்குத்தான் அண்ணி ஞாபகம் வந்துச்சா? நான் கூட உனுக்கு போன் தொலஞ்சு போச்சோன்னு நெனச்சேன்.”

“அண்ணி, போன லீவுல கயலுக்கு மட்டும் முட்டைய ஓட்டோட குடுத்தீங்களே.”

எதிர்முனையில் ஒரு சிரிப்பு. “அடிப்பாவி, அத்த இன்னும் மனசுல வெச்சிகினு கீறியா?”

“ஏன் குடுத்தீங்க?”

“இங்க ஒரு தெரபி மேடம் வருது. பதினஞ்சு நாளிக்கு ஒருதபா வந்து ரெண்டு மணி நேரம் உக்காரும். இந்த மாறி கொயந்தைங்க ரெண்டு கீது என்கிட்ட, அன்னிக்கு அதுங்க வர்ல. மீதி நாளு யாரு செய்வா? நான்தான் செய்யணும். தனி ரூமுக்கு எங்க போவேன்? கீறதே ஒரு ரூமு, அதுல பாதிய அரிசி மூட்ட அடச்சிகினு கீது. மேடம் சொல்லிச்சு, அக்கா, புள்ளைக்குப் புடிச்சது அது கைல இருக்கணும், ஆனா அத்தால தனியா தொறக்க முடியக் கூடாது, அப்பதான் அது அடுத்த ஆளப் பாக்கும்னு. நம்மகிட்ட இன்னா கீது? முட்டதான் கீது.”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அண்ணி.”

“பேப்பர்ல எழுதுனவ நீ, ஃபாரின்ல கீற, உனுக்குத் தெரியாததா எனுக்குத் தெரியப் போவுதுன்னு வுட்டுட்டேன். அதுவும் நீ வந்த வேகத்தப் பாத்து நானே பயந்துட்டேன்மா. முட்டைய உரிக்க வர்றியா, என்னிய உரிக்க வர்றியான்னு.”

நான் சிரிக்க முயன்றேன். அண்ணி குரலைத் தாழ்த்தினார்.

“ஆனா ஒண்ணு. நீ அத்தப் புடுங்குனப்ப பாப்பா இன்னா பண்ணிகினு இருந்துச்சுன்னு பாத்தியா?”

“இல்ல.”

“பக்கத்துல இம்ரான்னு ஒரு வாலு உக்காந்துகினு இருந்தான். பாப்பா முட்டைய அவன்கிட்ட நீட்டிகினு இருந்துச்சு. அவனும் கையி நீட்டிட்டான். அப்பதான் நீ வந்த.”

லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போன பிறகும் நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

“அழுவாத” என்றார் அண்ணி. “ஒரு தபா நீட்டுனது மறுபடியும் நீட்டாதா?”

5

சேகர் பிடிபட்ட அந்தக் காலை முதல் டப்பாக்கள் இறுக்கமாகப் போயின. சேகர் காலையில் பையைத் தொடாமல் இருப்பதற்காக, கைகளை மேலங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினார்.

குழந்தையைப் பட்டினி போடுவதில்லை. மாரித் சிறிது நேரம் காத்திருப்பார். பிறகு தானே டப்பாவைப் பக்கத்துப் பிள்ளையிடம் நீட்டி, “திறந்து தருகிறாயா?” என்று கேட்டுக் காட்டிவிட்டு, கயலுக்குக் கொடுப்பார். குறிப்பேட்டில் எழுதுவார். முதல் நாள்: “மூடியைத் திருப்பினாள். அழுதாள்.” இரண்டாம் நாள்: “மேசையில் தட்டினாள். மணிக்கட்டைக் கடித்தாள்.” நான்காம் நாள்: “டப்பாவைத் தள்ளிவிட்டு ஜன்னலுக்குப் போனாள்.”

எத்தனையோ விபத்துச் செய்திகளை இதே போன்ற வாக்கியங்களில் எழுதியிருக்கிறேன். எழுவாய், பயனிலை, முற்றுப்புள்ளி. அவற்றைக் காலையில் வீட்டில் உட்கார்ந்து படித்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது.

“வுட்று” என்றார் சேகர் அந்த வெள்ளிக்கிழமை. கயலின் மணிக்கட்டில் பல் தடம் இருந்தது. அதில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். “அந்தச் சிறப்புப் பிரிவுக்கே போவட்டும். அங்க பாத்துக்குற ஆளுங்க அதிகம். அழுவாது.”

“அங்க அது யார்கிட்ட நீட்டும்?”

அவர் இன்னும் கொஞ்சம் எண்ணெய் எடுத்துத் தடவினார்.

இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் கூடும்போது பேச்சு எப்போதும் ஓர் இடத்தில்தான் முடியும். பிள்ளைகள் தமிழில் கேட்டால் நார்வே மொழியில் பதில் சொல்கிறார்கள், கைவிட்டுப் போகிறார்கள். அதைக் கேட்டு நானும் தலையாட்டுவேன். உள்ளுக்குள் எனக்குப் பொறாமை. எந்த மொழியில் போனாலும் போகட்டும், போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போக ஒரு வாய் இருக்கிறதே.

இரண்டாம் வாரம், புதன்கிழமை. வேலையிலிருந்து அரை நாள் எடுத்துக்கொண்டு காப்பகத்துக்குப் போனேன். உள்ளே வரக் கூடாது, நடையின் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கலாம் என்று மாரித் சொல்லியிருந்தார். நின்றேன்.

மேசையில் ஆறு குழந்தைகள். கயலுக்குப் பக்கத்தில் தூவா. செம்பட்டை முடி, முன்பல் இரண்டு இல்லாத, நிறுத்தாமல் பேசுகிற பெண். கயல் தோசை டப்பாவை எடுத்தாள். திருப்பினாள். திறக்கவில்லை. மேசையில் இரண்டு தட்டு தட்டினாள். கை மணிக்கட்டை நோக்கிப் போனது. என் கால் நகர்ந்தது. கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

மாரித் அசையவில்லை. தன் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார்.

கயலின் கை இறங்கியது. டப்பாவை எடுத்தாள். மாரித்திடம் நீட்டவில்லை. இடது பக்கம் திரும்பி, தூவாவின் முகத்துக்கு மிக அருகில், கிட்டத்தட்ட மூக்கில் இடிக்கிற மாதிரி நீட்டினாள். வாய் அசைந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேட்கவில்லை.

தூவா பேச்சை நிறுத்தினாள். டப்பாவை வாங்கித் தொடைகளுக்கு நடுவில் வைத்து, முகம் சிவக்கத் திருகினாள். திறந்தது. உள்ளே பார்த்தாள், முகர்ந்தாள், ஒரு துண்டு தோசையை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, மீதியைத் தந்தாள்.

பிறகு மாரித் வெளியே வந்தார். கையில் குறிப்பேடு.

“அவள் ஒரு வார்த்தை சொன்னாள். நார்வே மொழி இல்லை. உச்சரிப்பை எழுதியிருக்கிறேன், சரியா என்று பாருங்கள்.”

பார்த்தேன். ‘தொற’ என்பதை நார்வே எழுத்துகளில் எழுதியிருந்தார். எழுதும் தமிழில் நான் ‘திற’ என்று எழுதுவேன். இது எங்கள் வீட்டுப் பேச்சுச் சொல், சேகரின் சொல், சுகந்தி அண்ணியின் சொல். அந்த ஒற்றை அறைப் பால்வாடியில் தினமும் நூறு தடவை காதில் விழும் சொல். எப்போது எடுத்துக்கொண்டாள் என்று தெரியாது.

“என்ன பொருள்?” என்று மாரித் கேட்டார்.

சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். “தூவாவுக்குப் பொருள் தேவைப்படவில்லை” என்றார்.

6

கூட்டத்தில் ஐந்து பேர். இந்த ஊர் வழக்கப்படி எல்லோரும் காலணியைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு உட்கார்ந்திருந்தார்கள். நகராட்சியிலிருந்து வந்தவரின் இடது காலுறையில் ஓட்டை. அதைப் பார்த்த பிறகு எனக்குப் பயம் கொஞ்சம் குறைந்தது.

மாரித் குறிப்பேட்டைப் படித்தார். கயல் தூவாவிடம் கேட்டது, பிறகு இன்னொரு பையனிடம் கேட்டது, ஒரு நாள் யாரிடமும் கேட்காமல் அழுதது, எல்லாவற்றையும் ஒரே குரலில். முதல் வாரங்களின் குறிப்புகள் வந்தபோது, மூடிகளைப் பற்றி நானே சொன்னேன். “நான்தான் தளர்த்தினேன். என் கணவரும்தான்.” நகராட்சிக்காரர் பேனாவை நிறுத்திவிட்டு, “ஏன்?” என்று கேட்டார். கண்டிப்பில்லை, தெரிந்துகொள்ளும் ஆவல்தான். எங்கள் ஊரில் ஒருவரைக் கேட்க வைப்பது மரியாதை இல்லை என்று சொன்னேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

பள்ளி வயது வரும்வரை கயல் இதே குழுவில், இதே பிள்ளைகளோடு தொடர்வாள் என்று முடிவானது. முன்னேற்றம் தெரிவதால் மாரித் வரும் நேரத்தில் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் குறைக்கப்பட்டது. அரசாங்கம் எந்த ஊரிலும் அரசாங்கம்தான். கையெழுத்துப் போட்டேன்.

அண்ணிக்குச் செய்தி அனுப்பினேன். குரல் பதிவு வந்தது: “சந்தோசம்மா. இங்க மேடம் வேற எடத்துக்கு மாத்தலாயிடுச்சு. புதுசா யாரும் வர்ல. இருந்தாலும் முட்ட வந்துகினுதான் கீது.”

அந்த ஞாயிற்றுக்கிழமை சேகர் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கயல் பால்கனிக் கண்ணாடிக் கதவின் முன் நின்று வெளியே பார்த்தாள். அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கத்தியை வைத்துவிட்டு இரண்டடி வைத்தேன். பிறகு நின்றேன்.

அவள் கைப்பிடியை இழுத்தாள். குழந்தைப் பூட்டு. மறுபடி இழுத்தாள். தூங்கும் அப்பாவைப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வேறு எங்கோ பார்ப்பது போல நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, வெங்காயம் கண்ணை எரித்துக்கொண்டிருந்தது. அவள் வந்து என் புடவை நுனியைப் பிடித்தாள்.

“தொற” என்றாள்.

நான்கரை வருடத்தில் என் மகள் என்னிடம் முதன்முதலாக ஒன்றைக் கேட்டாள். வெளியே நல்ல மழை. அவளுக்குச் சளி வேறு. கதவைத் திறந்தேன்.